எட்டு அமர்வுகளும் ஒரு கேள்விப் பெட்டியும்: வளரிளம் பருவ நலப் பயிற்சி ஒன்றைப் பற்றிய மதிப்புரை

என் மகனுக்கு 14 வயது. மகளுக்கு 11 வயது. வளரிளம் பருவத்தினருக்கான உடல்நல, பாலியல் கல்விப் பயிற்சி ஒன்றில் இருவரையும் சேர்த்திருந்தேன். பயிற்சி முடிந்து இரண்டு மாதங்கள் ஆன பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிந்த மறுநாளே எழுத உட்கார்ந்திருந்தால் வெறும் பாராட்டாகவே இது முடிந்திருக்கும். இந்த இடைவெளியில் பிள்ளைகள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள், எதை உதறிவிட்டார்கள், எதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கிறார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. பயிற்சி நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஏறத்தாழ இதே அமைப்பில் பலரும் பயிற்சி நடத்துவதால், பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு பெற்றோர் என்ன கேட்டறிய வேண்டும் என்று சொல்வதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

பயிற்சி இரண்டு பிரிவுகளாக நடந்தது. 10 முதல் 12 வயது வரையிலானவர்களுக்கு நான்கு அமர்வுகள். 13 முதல் 16 வயது வரையிலானவர்களுக்கு எட்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். செவிலியர் ஒருவரும் உளவியல் ஆலோசகர் ஒருவரும் நடத்தினார்கள். பெரும்பாலான அமர்வுகளில் ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்தே அமர்ந்தார்கள். மூத்த பிரிவில் இரண்டு அமர்வுகள் மட்டும் தனித்தனியே நடந்தன. படங்களுடன் ஒரு கையேடு, கடைசியில் பெற்றோருக்கான ஒரு மணி நேரக் கூட்டம், வகுப்பறையின் மூலையில் பூட்டு போட்ட ஒரு கேள்விப் பெட்டி. வெளியிலிருந்து பார்க்கக் கிடைப்பது இவ்வளவுதான்.

நான் எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயிற்சிக்கு வரும் எந்தப் பிள்ளையும் வெற்றுப் பலகையாக வருவதில்லை. என் மகனுக்கு இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஆசிரியர்கள் இருந்தார்கள்: அவனைவிட இரண்டு வயது மூத்த நண்பர்கள், கைப்பேசித் திரை, கிண்டலாகவே எதையும் பேசும் விளையாட்டுத் தோழர்கள். அந்த வரிசையில் நானும் உண்டு. தொலைக்காட்சியில் ஒரு முத்தக் காட்சி வந்தவுடன் ரிமோட்டை எடுத்து அலைவரிசையை மாற்றிய ஒவ்வொரு முறையும் நான் ஒரு பாடம் நடத்தியிருக்கிறேன். இந்த வீட்டில் இதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதே அந்தப் பாடம். ஆகவே உடலுறுப்புகளை எவ்வளவு தெளிவாக விளக்கினார்கள் என்பதோடு என் மதிப்பீடு நின்றுவிடவில்லை. இந்தப் பழைய ஆசிரியர்களோடு பயிற்சி எப்படி வாதாடியது என்பதையே முக்கியமாகப் பார்த்தேன்.

உடல் பற்றிய பகுதியில் பெரிய குறை ஏதும் இல்லை. பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குகிறது என்பதையும், ஒரே வகுப்பில் ஒருத்தி இரண்டு ஆண்டுகள் முந்துவதும் இன்னொருத்தி பிந்துவதும் இயல்பே என்பதையும் இளைய பிரிவில் படம் வரைந்து காட்டினார்கள். மார்பக வளர்ச்சி தொடங்கி ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருகிறது. தொடக்க ஆண்டுகளில் சுழற்சி 21 நாள்களிலிருந்து 45 நாள்கள் வரை முன்பின்னாக இருக்கலாம். இந்தச் செய்தியை என் மகள் இன்னும் நாள்கணக்கோடு சொல்கிறாள். மாதவிடாய் பற்றிய பாடத்தில் பையன்களையும் உட்கார வைத்தது மிகச் சரியான முடிவு. முதல் பத்து நிமிடங்கள் அடக்க முடியாத சிரிப்பு. அதன் பிறகு ஒருவன் கை தூக்கி, வலிக்கும்போது வகுப்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டானாம். மகள் இதை வீட்டில் சொன்னபோது அவள் குரலில் இருந்தது வியப்பா நிம்மதியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூத்த பிரிவில் பையன்களுக்குச் சொன்ன ஒரு செய்தியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பருவமடையும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்புக் காம்பின் அடியில் சிறு வீக்கம் தோன்றும்; இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) விகிதம் தற்காலிகமாக மாறுவதே காரணம்; பெரும்பாலும் 6 மாதங்கள் முதல் 2 ஆண்டுகளுக்குள் அது தானாகவே மறைந்துவிடும். என் மகன் ஓராண்டாகத் தொளதொளவென்ற சட்டைகளையே தேடி அணிந்ததன் காரணமும், நீச்சலுக்குப் போவதை நிறுத்தியதன் காரணமும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கின. அவனுடைய உடலில் நோய் எதுவும் இல்லை. நண்பர்களின் ஒரு கேலிச்சொல் மட்டுமே இருந்தது. தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடல் பலம் குன்றிவிடும் என்ற பழைய பயத்தையும் அதே அமர்வில் இரண்டே வாக்கியங்களில் உடைத்தார்கள். அதற்கு இன்னும் பத்து நிமிடங்கள் கொடுத்திருக்கலாம், ஏனென்றால் அந்தப் பயத்தை வளர்த்துக் காசாக்குகிறவர்கள் இரண்டு வாக்கியங்களோடு நிறுத்துவதில்லை.

பயிற்சியின் சிறந்த அமர்வு என்று நான் சொல்வது மூன்றாவதைத்தான். ஒவ்வொருவரும் பெயர் எழுதாத சீட்டில் இரண்டு விடைகள் எழுத வேண்டும்: இந்த அறையில் எத்தனை பேர் காதல் உறவில் இருப்பதாக நினைக்கிறாய், நீ இருக்கிறாயா? சீட்டுகளைக் கலந்து எண்ணியபோது, பிள்ளைகளின் மதிப்பீடு உண்மை எண்ணிக்கையைப் போலப் பல மடங்காக இருந்தது. எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும்தான் பின்தங்கியிருக்கிறேன் என்று அறையிலிருந்த பெரும்பாலோர் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியவந்தது. இந்தச் சீட்டு விளையாட்டுக்குப் பின்னால் நல்ல ஆய்வுப் பின்புலம் உண்டு. டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் மது அருந்துவதில் தங்களுக்கு இருந்த தயக்கம் மற்றவர்களுக்கு இல்லை என்று தவறாக நம்பியதைக் காட்டியது. தயங்குகிறவர்கள் அனைவரும் தயக்கத்தை மறைத்துக்கொண்டால், தயக்கமே இல்லாத ஒரு கூட்டம் போல அது வெளியே தோன்றும். வளரிளம் பருவத்துப் பாலியல் பேச்சும் பெரும்பாலும் இப்படி உருவாகும் தோற்றம்தான் என்பதை ஆலோசகர் ஓர் உரை கூட நிகழ்த்தாமல் சீட்டுகளை எண்ணியே புரிய வைத்தார்.

அதே ஆலோசகர் அடுத்த படியில் சறுக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லப் பழகும் நடிப்புப் பயிற்சிகள் அனைத்தும் இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் காட்சிகளாகவே இருந்தன. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-ல் வெளியிட்ட சோதனையில், கணினி வாகன விளையாட்டைத் தனியாக ஆடியபோது அளவோடு இருந்த வளரிளம் பருவத்தினர், நண்பர்கள் அருகில் இருந்தபோது வெகுவாகத் துணிந்து ஆபத்தை ஏற்றார்கள்; 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. அறிவு குறைவதால் நிகழ்வதன்று இது. பார்த்துக்கொண்டிருக்கும் கண்களின் முன் அதே அறிவு வேலை செய்யும் விதம் மாறுகிறது. அப்படியானால் மறுக்கும் பழக்கத்தையும் நான்கு நண்பர்கள் சுற்றி நின்று சிரிக்கும் காட்சியில்தான் பழக்க வேண்டும். நண்பர் வட்டம் எப்போதும் தீமைக்கே இழுக்கும் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரே ஒருவன் விடுடா என்று சொன்னால் காட்சியே மாறிவிடும். அந்த ஒருவனாக நடிக்க யாருக்கும் வாய்ப்புத் தரவில்லை என்பதே என் குறை.

தனித்தனியே நடந்த இரண்டு அமர்வுகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பெண் பிள்ளைகளுக்கு எங்கே போகக் கூடாது, யாரை நம்பக் கூடாது, எதை அனுப்பக் கூடாது என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். பையன்களுக்குத் தூய்மை, உடற்பயிற்சி, பெண்களை மதிக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரை. சம்மதம் என்ற சொல் பையன்களின் அமர்வில் ஒரே ஒரு முறை வந்ததாக மகன் சொல்கிறான். ஆபத்துக்குப் பொறுப்பு முழுவதும் பெண்ணின் தலையில் என்ற வீட்டுப் பாடத்தையே வகுப்பறையும் மறுபடி நடத்தியிருக்கிறது. நிக்கோல் ஹேபர்லேண்ட் 2015-ல் வெளியிட்ட திறனாய்வு, இத்தகைய 22 கல்வித் திட்டங்களின் மதிப்பீடுகளை ஒப்பிட்டது. ஆண், பெண் பாகுபாட்டையும் உறவில் யாருக்கு அதிகாரம் என்பதையும் நேரடியாகப் பேசிய திட்டங்களில் 80 விழுக்காடு, பால்வினைத் தொற்று அல்லது எதிர்பாராத கருத்தரிப்பைக் குறைத்திருந்தன. அதைப் பேசாதவற்றில் 17 விழுக்காடு மட்டுமே அவ்வாறு குறைத்திருந்தன. இந்த வேறுபாடு தெரிந்த ஒருவர் பாடத்திட்டத்தை வகுத்திருந்தால், அதிகாரம் பற்றிய உரையாடலைக் கடைசிப் பத்து நிமிடங்களுக்குத் தள்ளியிருக்க மாட்டார்.

பால்வினை நோய்கள் பற்றிய ஆறாவது அமர்வில் முற்றிய நிலைப் புண்களின் படங்களை வரிசையாகத் திரையிட்டார்கள். பயமுறுத்துவதுதான் நோக்கம், பயமும் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த மகன், அப்படியென்றால் புண் இல்லாதவர்களுக்கு நோய் இல்லை, அப்படித்தானே அப்பா என்று கேட்டான். உண்மை இதற்கு நேர்மாறானது. கிளமிடியா போன்ற தொற்றுகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை, பரிசோதித்தால்தான் தெரியும். அச்சத்துக்காகக் காட்டிய படம் தவறான நிம்மதியைத் தந்துவிட்டது.

பாலியல் உறவு வழியே தொற்றும் எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி பற்றி எட்டு அமர்வுகளிலும் ஒரு வார்த்தை இல்லை என்பது இதைவிட வியப்பளித்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த வைரசின் 16, 18 ஆகிய இரு வகைகள் காரணம். பாலியல் உறவு தொடங்குவதற்கு முன் போட்டுக்கொண்டால் தடுப்பூசியின் பயன் மிகுதி. 9 முதல் 14 வயது வரையிலான பெண் பிள்ளைகளையே உலக சுகாதார நிறுவனம் முதன்மை இலக்காகக் கொள்கிறது. 2022 டிசம்பரில் ஒரே தவணை போட்டாலும் போதும் என்ற வாய்ப்பையும் அது ஏற்றுக்கொண்டது. வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் சரியாக அந்த வயதில்தான் இருந்தார்கள்.

கருத்தடை முறைகளைப் பற்றிய பகுதியும் நழுவலாகவே இருந்தது. ஆணுறை தொற்றையும் கருத்தரிப்பையும் தடுக்கிறது என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. மற்றவற்றுக்கு மருத்துவரைக் கேளுங்கள் என்று முடித்துவிட்டார்கள். அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு விரைவில் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதும், எச்.ஐ.வி. தொற்றக்கூடிய நிகழ்வுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பதும் வன்முறைக்கு ஆளான ஒரு பிள்ளைக்கு உயிர் காக்கும் தகவல்கள். மணிக்கணக்கு உள்ள தகவலை, பின்னால் தெரிந்துகொள்ளலாம் என்று ஒதுக்க முடியாது.

ஏன் இவற்றைத் தவிர்த்தீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். சொல்லிக் கொடுத்தால் செய்து பார்க்கத் தூண்டியதாகிவிடும் என்று பல பெற்றோர் அஞ்சுவதாகச் செவிலியர் சங்கடத்தோடு சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அந்த அச்சத்தோடு அங்கே வந்திருந்தவர்களை நானே பார்த்தேன். ஆனால் அந்த அச்சத்துக்கு ஆய்வுகளின் துணை இல்லை. யுனெஸ்கோ 2009-ல் வெளியிட்டு, மற்ற ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து 2018-ல் திருத்தி வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், பாலியல் கல்வி பிள்ளைகளின் பாலியல் செயல்பாட்டையோ ஆபத்தான நடத்தையையோ கூட்டுவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் திருமணம் வரை விலகியிருப்பதை மட்டுமே போதித்த நான்கு திட்டங்களை, அந்நாட்டு நாடாளுமன்ற ஆணைப்படி ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட மதிப்பீடு, அவற்றில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் நடத்தையில் வேறுபாடு இல்லை என்று கண்டது. விலகியிருப்பதாக உறுதிமொழி எடுத்த இளைஞர்களை ஜேனட் ரோசன்பாம் அதே போன்ற பின்னணி கொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்களில் 82 விழுக்காட்டினர் அப்படி உறுதிமொழி எடுத்ததையே மறுத்தார்கள். நடத்தையில் வேறுபாடு இல்லை, ஆணுறையும் கருத்தடையும் பயன்படுத்துவதில் மட்டும் பின்தங்கியிருந்தார்கள். பெற்றோரின் தயக்கத்தை மதித்து நடத்துவது வேறு, அதற்கு ஏற்பப் பாடத்தை வெட்டுவது வேறு.

கைப்பேசி பற்றிய அமர்வு பாதி நன்று. அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதே, உரையாடலை அழிக்காதே, நம்பும் பெரியவரிடம் அன்றே சொல், குற்றம் மிரட்டுகிறவனுடையது என்று வரிசையாகச் சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவும் வைத்தார்கள். ஆபாசக் காணொளிகளைப் பற்றிய பேச்சு மட்டும் பார்க்காதீர்கள் என்பதோடு முடிந்துவிட்டது. அது நடிப்பு, அதில் சம்மதம் கேட்பதோ தயங்குவதோ பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதோ இராது, அங்கே காட்டப்படும் உடல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று சொல்ல ஐந்து நிமிடங்கள் போதும். ஏற்கெனவே பார்த்துவிட்ட பிள்ளைக்கு, பார்க்காதே என்ற அறிவுரை கதவை மூடுவதாகவே அமையும்.

கேள்விப் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு அமர்வின் கடைசி இருபது நிமிடங்கள் அதற்கே. செவிலியர் எந்தக் கேள்விக்கும் முகம் சுளிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு அப்படியே சொன்னார். பிள்ளைகள் அவரை நம்பியதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு நாள் சீட்டை அவர் உயர்த்திப் பிடித்துப் படித்தபோது முன்வரிசையில் இருந்த ஒருவன் கையெழுத்தை அடையாளம் கண்டு சிரித்துவிட்டான். எழுதிய பெண் அடுத்த அமர்வுக்கு வரவில்லை. சீட்டுகளை முன்னதாகவே வாங்கித் தட்டச்சு செய்து படித்திருந்தால் இது நேர்ந்திராது. பெயர் எழுதாத சீட்டுக்கும் முகம் உண்டு என்பதை இத்தனை அனுபவமுள்ளவர்கள் யோசிக்காமல் விட்டது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

பெற்றோர் கூட்டம் கடைசியில் நடந்தது. முதலில் நடந்திருக்க வேண்டும். வந்தவர்களில் தந்தையர் மிகச் சிலரே. எட்டாவது அமர்வுக்குப் பின் பிள்ளைகளுக்குக் கொடுத்த வீட்டு வேலை, உங்கள் பெற்றோரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்பது. மகன் இரவு உணவுக்குப் பிறகு என் அருகில் வந்து, உங்களுக்கு இதையெல்லாம் யாருப்பா சொல்லிக் கொடுத்தாங்க என்று கேட்டான். யாருமில்லை, கூடப் படித்த ஒருவன் சொன்னான், அதில் பாதி தவறு என்றேன். எந்தப் பாதி என்று கேட்டான். ரிமோட் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்று பேச்சு நீண்டது. இப்படி ஒரு கேள்வி வரப்போகிறது என்று எட்டு வாரங்களுக்கு முன்பே என்னைத் தயார்படுத்தியிருந்தால், முதல் ஐந்து நிமிடத் திணறல் இருந்திராது.

10 முதல் 12 வயதுப் பிரிவில் தயங்காமல் சேர்க்கலாம். மூத்த பிரிவில் சேர்ப்பதற்கு முன், பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தடுப்பூசியும் கருத்தடையும் அதில் இருக்கின்றனவா, சம்மதம் பற்றிய பாடம் பையன்களுக்கும் அதே அளவில் உண்டா, கேள்விச் சீட்டுகளை எப்படிக் கையாளுகிறார்கள் என்ற மூன்றையும் நேரடியாகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். இந்தக் குறைகளையெல்லாம் நான் அவர்களுக்கே விரிவாக எழுதி அனுப்பினேன். அடுத்த முறை நடத்தும் பயிற்சியிலிருந்து பெற்றோர் கூட்டம் முதல் வாரத்திலேயே நடக்கும், சீட்டுகளைத் தட்டச்சு செய்தே படிப்போம் என்று பதில் வந்தது. தடுப்பூசி பற்றியும் பையன்களின் அமர்வு பற்றியும் பதிலில் எதுவும் இல்லை. மகள் மூத்த பிரிவுக்குப் போக இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் மறுபடியும் எழுதிக் கேட்பதாக இருக்கிறேன்.